மாமன் மடியும் மெட்ராஸ் ரக்பியும்

திருவண்ணாமலை
3-8-1979

அன்புள்ள அண்ணன் சக்கரபாணிக்கு, தங்கை கஸ்தூரி வணக்கத்துடன் எழுதுவது. இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னிக்கவும். உன் மருமகன் பலராமன் இப்போதுதான் தூங்கினான். இங்கே அனைவரும் சுகம். அங்கே உன் உடம்பில் எந்தெந்தப் பாகம் சுகம் என்று தெரியப்படுத்தவும்.

உன் ஆறு பக்கக் கடிதம் கிடைத்தது. காதுகுத்துக்கு வருவாயா என்று நான் ஒரே வரிதான் கேட்டிருந்தேன். நீ மெட்ராசில் ரக்பி பிறந்து வளர்ந்த கதையை எழுதியிருக்கிறாய். துரைமார்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது, தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது, அவர்கள் ஊருக்குப் போனபின் ஆள் கம்மியாகி ஆட்டம் படுத்தது, பதினைந்து பேர் சேராமல் ஹார்பருக்கு வந்த கப்பல்காரர்களைக் கெஞ்சி ஆடவைத்தது, பிறகு உன்னைப் போன்ற ஹார்பர் குமாஸ்தாக்களே ஒரு டீமானது, இப்போது மொத்தம் ஆறு டீமாக வளர்ந்து நிற்பது. ரொம்ப சந்தோஷம். நான் வரலாற்றில் பி.ஏ.; அந்த மூன்று வருடத்தில்கூட இத்தனை தேதி படிக்கவில்லை. என் பங்குக்கு நானும் ஒரு வளர்ச்சியைத் தெரிவிக்கிறேன்: ஏழாம் மாதம் உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயது. காது குத்தும் பத்தரைப் பார்த்தால் ஓடத் தெரிந்துவிட்டது.

முதல் தடவை உனக்குத் தோள் எலும்பு. இரண்டாம் தடவை, பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, பத்தர் ஊசியோடு உட்கார்ந்த பிறகு தந்தி வருகிறது, முழங்காலில் மாவுக்கட்டு, மடியில் பாரம் கூடாது என்று. அதை முப்பது பேர் முன்னால் நான்தான் வாசித்தேன். என் மாமியார், "என்னா வெளையாட்டும்மா அது?" என்று கேட்டார். முட்டை மாதிரிப் பந்தைக் கட்டிப் பிடித்து ஓடுகிறவனை எல்லோரும் சேர்ந்து சாய்ப்பார்கள், பந்தைக் கையால் பின்பக்கம்தான் போடலாம், ஆனால் ஆள் முன்னால் போகணும் என்று விளக்கினேன்.

"நம்ம காதுகுத்துத் தேதி மாதிரின்னு சொல்லு" என்றார் அத்தை.

நீ அனுப்பிய போட்டோவையும் காட்டினேன். பதினாறு பேர் தலையை உள்ளே விட்டு முட்டிக்கொண்டிருக்கிறீர்கள். "இதுல உங்கண்ணன் யாரு?" என்றார். உத்தேசமாக ஒரு முதுகைக் காட்டினேன். அன்றிலிருந்து பலராமன் யார் குனிந்தாலும் "மாமா" என்கிறான். நேற்று பால்காரரைச் சொன்னான்.

சிரிக்காதே. இப்போது அத்தை தன் தம்பி இருசப்பன் மடியில் உட்கார வைத்துவிடலாம் என்கிறார். "அவனுக்கு எலும்பெல்லாம் எடத்துலயே இருக்குது." அம்மாவும் அப்பாவும் போனபின் எனக்குப் பிறந்த வீடென்று சொல்ல நீ ஒருத்தன்தான். அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் நாளைக்கு இந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு பேசுவது? ஆவணி பத்து, ஞாயிற்றுக்கிழமை என்று நானே பஞ்சாங்கம் பார்த்து வைத்திருக்கிறேன். இதுதான் கடைசித் தேதி. வராவிட்டால் எனக்கு அண்ணனே இல்லை என்று எழுதிவிடலாமா என்று பார்த்தேன், எழுதியும் விட்டேன்.

உன் வீட்டுக்காரர் தசரதனும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். உன் மிச்ச எலும்புகளை அண்ணாமலையார் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கஸ்தூரி

பின்குறிப்பு: மேலே 'உன் வீட்டுக்காரர்' என்று எழுதியிருப்பதை 'என்' என்று படிக்கவும், தூக்கக் கலக்கம். விளக்கெரிவதைப் பார்த்து அத்தை எழுந்து வந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்.

"ஆவணி பத்தா? அன்னிக்கு பைனலாச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறாம் பக்கத்துல எழுதியிருக்காரே. உன் புருசன் படிச்சிக் காட்டுனான். நீதான் அஞ்சாம் பக்கத்தோட கோவிச்சிக்கினு மடிச்சி வெச்சிட்ட. போன வருசம் ரெண்டு பாயிண்டுல தோத்துட்டாங்களாம். அவரு இங்க வந்துட்டா அங்க முட்டறது யாரு?"

தேதியை ஆவணி இருபத்துநாலுக்கு அவரே மாற்றிவிட்டார். இருசப்பனிடம் வேண்டாமென்று சொல்லி அனுப்பப் போகிறாராம். கப் கிடைத்தால் கொண்டுவந்து பந்தலில் வைக்க வேண்டுமாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நான் மட்டும் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இருபத்துநாலாம் தேதி வருவாயா? சீக்கிரம் பதில் போடு.