சார் ஏற்றிவைத்த சிவப்புப் புள்ளி

"தேவாங்கா? அது இருந்தா நமக்கு கேமரா ஸ்டாண்டு செலவு மிச்சம்டா. ஒரு இடத்துல வெச்சா அசையவே அசையாது."

ஒரு காட்டில், கேன்டீனை ஒட்டிய மூங்கில் புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பேச்சு வந்தது. சொன்னது மயில். கேட்டுச் சிரித்தது கரடி. புதருக்கு இந்தப் பக்கம் தேவாங்கு டீயோடு உட்கார்ந்திருந்தது. டீ முழுதாக ஆறும்வரை அது அசையவில்லை. மயில் சொன்னதில் தவறில்லை போலிருக்கிறதே என்று அதற்கே தோன்றியது.

அந்தக் காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதில் திரைப்படத் துறை இருந்தது. துறையில் மாணவர்கள் நூற்றுப் பத்து பேர், கேமரா ஒன்று. இறுதியாண்டில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு பகல்தான் கேமரா கிடைக்கும். மறுநாள் காலை அது அடுத்த குழுவுக்குப் போய்விடும்.

மயிலும் கரடியும் தேவாங்கும் ஒரு குழு. தேவாங்கு திரைக்கதைப் பிரிவில் படித்தது. டைட்டில் கார்டில் 'எழுத்து' என்று யார் பெயர் வருகிறதோ அவருக்குத்தான் அந்தத் தாளில் மதிப்பெண். பெயர் வராவிட்டால் இறுதியாண்டை மறுபடியும் படிக்க வேண்டும்.

கதை தேவாங்குடையதுதான். ஒரு கரடி, தான் எடுத்த தேனடையைத் தேனீக்களிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறது. அவ்வளவுதான் கதை. எட்டு மாதம் எழுதியது. ஆனால் "யார் டைரக்டர்?" என்று வகுப்பில் கேட்டபோது மயில் தோகையை விரித்தது. தேவாங்கும் கையைத் தூக்கியது. கை முழுதாக மேலே போய்ச் சேர்ந்தபோது வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள்.

படப்பிடிப்பன்று காலையில் மயில் டைட்டில் கார்டைக் காட்டியது. 'எழுத்து, இயக்கம்: மயில்' என்று இருந்தது.

"கதைன்னு என் பேரு…" என்றது தேவாங்கு.

"கடைசில நன்றின்னு ஒண்ணு வரும் தேவு. அதுல போட்டுடறேன்."

"அதுக்கு மார்க் கிடையாதே."

"கலைக்கு எதுக்கு மார்க்கு?" என்றது மயில். கதையிலும் சில திருத்தங்கள் செய்திருந்தது. தேனடையைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதிலாக மழை வருகிறது, மயில் ஆடுகிறது.

பூஜை நடந்தது. கேமராவுக்குச் சந்தனம் வைத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். துறைத்தலைவர் காட்டெருமை பேராசிரியர் மாலையோடு வந்து, குளம்பால் பொத்தானை அமுக்கிப் படப்பிடிப்பைத் தொடங்கிவைத்தார். கேமராவின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. எல்லோரும் கைதட்டிவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் வாங்கப் போனார்கள்.

தேவாங்கு மட்டும் அங்கேயே நின்று பார்த்தது.

"மயில், சிவப்புப் புள்ளி இன்னும் எரியுது."

"எரியட்டும். சார் ஏத்தி வெச்சது. நல்ல சகுனம். கை வெச்சுடாத."

"இல்ல, அது எரிஞ்சா கேமரா ஓடிட்டு…"

"தேவு, இங்க பாரு. நான் ஆக்‌ஷன்னா ஒரு தடவை அமுக்கு. கட்டுன்னா ஒரு தடவை அமுக்கு. நடுவுல யோசிக்காத."

தேவாங்கு யோசித்தது. பிறகு, யோசிக்க வேண்டாம் என்று இயக்குநரே சொல்லிவிட்டதால் நிறுத்திக்கொண்டது. அன்று முழுக்க, ஆக்‌ஷன் என்றபோது ஒரு தடவை அமுக்கியது. கட் என்றபோது ஒரு தடவை அமுக்கியது. வெயிலில் கண் கூசியது. ஆனாலும் அசையவில்லை.

"எடுத்ததை ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா?" என்று மதியம் கரடி கேட்டது.

"எடுத்ததைத் திரும்பிப் பாக்கறவன் டைரக்டரே இல்ல மச்சான்," என்றது மயில்.

மறுநாள் காலை கேமரா முயல் குழுவுக்குப் போய்விட்டது. மூவரும் எடிட்டிங் குகையில் உட்கார்ந்தார்கள். சமர்ப்பிக்க இரண்டு நாள்தான் இருந்தது. படம் ஓடத் தொடங்கியது.

திரையில் மயில் "ஆக்‌ஷன்!" என்று கத்தியது. உடனே "கட் சொல்லிட்டேன்ல, ஏன்டா இன்னும் திங்கற?" என்று கேட்டது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"அது சாப்பிட வெச்ச தேன்னு நெனச்சேன்," என்றது திரையில் கரடி, வாயைத் துடைத்துக்கொண்டு. "சரி, இந்த சீன்ல நான் ஏன் அழறேன்?"

"அழு. ஏன்னு அப்புறம் பாத்துக்கலாம். ஆக்‌ஷன்!"

மறுபடியும் ஒரு தாவல். மயில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. ஆடி முடித்துவிட்டு மூச்சு வாங்கியது, உதிர்ந்த இறகைப் பசை போட்டு ஒட்டியது, மழைக்காக வாளியோடு மரத்தில் ஏறிய கரடி வாளியோடு விழுந்தது, இவையெல்லாம் தெளிவாக இருந்தன. படம் ஒரு இடத்திலும் ஆடவில்லை.

மயில் படத்தை நிறுத்தியது. பிறகு கேட்டது: "கேமரா யாரு?"

"நான்தான்," என்றது தேவாங்கு.

"அப்ப இந்தக் குப்பை உன்னுது. என் பேரு இதுல ஒரு இடத்துலயும் வரக் கூடாது. நான் முயல் குரூப்புல போய்ச் சேர்ந்துக்கறேன்."

அதற்கும் ஒரு படிவம் உண்டு. மூன்று நகல். 'எழுத்து, இயக்கம்: தேவாங்கு. இப்படத்துக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை' என்று மயில் எழுதி, இறகை மையில் தொட்டு முத்திரை வைத்தது. தேவாங்கு அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடியது. அங்கே எழுத்தராக இருந்த ஆமை, "ஏம்மா இவ்வளவு அவசரப்படற? படிவம் எங்க போயிடப் போகுது?" என்று கேட்டது. தேவாங்கை ஒருவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

படத்தோடு திரைக்கதையும் கட்டிய புத்தகமாக மூன்று பிரதி கொடுக்க வேண்டும் என்பது விதி. தேவாங்கு படத்தை வெட்டி ஒட்டியது. பிறகு அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, மயில் பேசியதையும் கரடி பேசியதையும் ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்தது. 'காட்சி 4. பகல். மயில் இறகை ஒட்டுகிறது. இடது பக்கம் காய்வதற்குள் வலது பக்கம் விழுகிறது.'

திரையிடலுக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து நாரை தேர்வாளராக வந்திருந்தது. படம் முடிந்தபோது அரங்கில் சிரித்துப் புரையேறாதவர் இல்லை. நாரை திரைக்கதைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே எழுந்தது.

"எழுதினதுல ஒரு வார்த்தை மாத்தாம பேசியிருக்காங்க! எங்க காட்டு நடிகருங்ககிட்ட இந்த ஒழுக்கம் கிடையாது. அந்த மயில் பாத்திரத்தை எப்படிம்மா யோசிச்சே?"

"யோசிக்கல சார்," என்றது தேவாங்கு. "வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க."

திரைக்கதைத் தாளில் தேவாங்குக்கே முதல் மதிப்பெண். "எல்லாம் என் கால் ராசி," என்றார் காட்டெருமை பேராசிரியர்.

எல்லோரும் போன பிறகு மயில் வந்தது.

"தேவு, நம்ம படம் நல்லா போச்சுல்ல? டைட்டில் கார்டுல ஒரு சின்னத் திருத்தம். 'இயக்கம்' மட்டும் என் பேர்ல."

"கடைசில நன்றின்னு வருது," என்றது தேவாங்கு. "அதுல போட்டிருக்கேன்."

"ஐயோ தேவு! நான் உன்னை எவ்வளவு மதிச்சேன் தெரியுமா? கரடியக் கேட்டுப் பாரு. தேவு இல்லாம நம்ம குரூப்பே இல்லன்னு கேன்டீன்ல வெச்சே சொன்னேன்!" மயிலின் குரல் உடைந்தது. பாதித் தோகை விரிந்தது. பசை போட்ட இறகு ஒன்று உதிர்ந்தது. அது குனிந்து இறகைத் தேடிக்கொண்டே அழுதது.

முயல்கள் திருப்பிக் கொடுத்த கேமரா மேசைமேல் இருந்தது. தேவாங்கு அதை எடுத்துக் கண்ணில் வைத்தது. யாரும் ஆக்‌ஷன் சொல்லவில்லை. பொத்தானை ஒரு தடவை அமுக்கியது.

நீதி: உங்களை ஸ்டாண்டு என்று சொல்பவர்மேல் கோபப்படாதீர்கள்; கை நடுங்கினால் படம் ஆடும்.