வரலாமா வேண்டாமா என்று கேட்ட அத்தானுக்கு

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. நான் நலம். வலது முழங்கால் மட்டும் லிஃப்ட் ரிப்பேர் வேலையில் குழிக்குள் இறங்கி ஏறியதில் கொஞ்சம் முனகுகிறது. நீங்கள், அக்கா, பாப்பா, மூக்குக் கண்ணாடிக் கடை நால்வரும் நலமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மரியாதைக்கு எழுத வேண்டிய பத்தி முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டால், பதினாறு வருஷமாக நடத்தும் கடையை நீங்கள் பூட்ட வேண்டும். ஆகவே, "நாடு விட்டு நாடு போறவன் என்னென்ன யோசிக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பு மச்சான், போன்ல வேண்டாம், உங்கக்கா நடுவுல பூந்துடுவா" என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் முகஸ்துதி எனக்கு வராது, அது உங்களுக்கே தெரியும்.

யோசிப்பது என்றால் நான் யோசிக்காததா? கிளம்புவதற்கு முன்பு கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டேன், நாற்பத்து மூன்று வரி. பிளக் பாயின்ட் எந்த மாதிரி, கரண்ட் எத்தனை வோல்ட், பல்வலி வந்தால் யார், செருப்பு சைஸுக்கு இங்கே என்ன கணக்கு, பரீட்சைச் சான்றிதழில் எத்தனை முத்திரை என்று ஒன்றுவிடாமல். வந்து எட்டு மாதம் ஆகிறது. நாற்பத்து மூன்றும் சரி. ஒன்றில்கூடத் தப்பு இல்லை. ஆனால் இங்கே என்னைப் புரட்டிப் போட்டது எதுவும் அந்த நாற்பத்து மூன்றில் இல்லை. இப்படி நடக்கலாம் என்று எந்த டிப்ளமாவிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதலில் பேர். நமக்கெல்லாம் இனிஷியல், அதோடு ஒரு பேர், முடிந்தது கதை. இங்கே விண்ணப்பத்தில் ரெண்டு கட்டம் இருக்கிறது, ரெண்டிலும் எழுதியே ஆக வேண்டும் என்கிறார்கள். இனிஷியலை விரித்து அப்பா பேரைப் போட்டேன். அன்றிலிருந்து ஆபீஸில் என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆறாவது மாடி லிஃப்ட் ஏன் இன்னும் ஓடவில்லை என்று மேனேஜர் கத்தும்போது எட்டு மாதமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பது அப்பாதான். அவரிடம் சொல்லிவிட வேண்டாம். அக்கா வந்தால் என்ன ஆகும், யோசித்தீர்களா? அவளுடைய ரெண்டாவது கட்டத்தில் உங்கள் பேர். ஒரு நாளைக்கு நூறு தடவை உங்கள் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவார்கள், அவள் நூறு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். உங்கள் பேர் காதில் விழுந்தால் அவள் முகம் எப்படிப் போகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது பேச்சு, அதாவது இல்லாத பேச்சு. போன மாதம் ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது, உள்ளே மூன்று பேர். நாற்பது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்தால் ஒருத்தர் புத்தகம் படிக்கிறார், ஒரு அம்மா கூரையைப் பார்க்கிறார், இன்னொருத்தர் தன் ஷூவைப் பார்க்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு நேரம் உள்ள என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டே விட்டேன். "எதைப் பத்தி?" என்றார் ஷூக்காரர். நம்ம ஊரில் நாற்பது நிமிஷம் என்றால் உள்ளே ஒரு சங்கம் ஆரம்பித்து, தலைவர் செயலாளர் எல்லாம் தேர்ந்தெடுத்து, அது ரெண்டாகப் பிரிந்தும் போயிருக்கும். இவர்களுக்குப் பேச்சே வராதா, இல்லை வேறு எங்காவது சேர்த்து வைத்துப் பேசுகிறார்களா? எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் தூக்கம் வராது அத்தான். கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அப்படிக் கழற்றப் போய்த்தான் எங்கள் கட்டடத்தில் வம்பில் மாட்டினேன்.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. எல்லாருக்கும் பொதுவாகக் கீழ்த்தளத்தில் துணி துவைக்க ஒரு அறை. ஒரு வாஷிங் மெஷின், ஒரு நீள மேசை, ரெண்டு நாற்காலி, சுவரில் ஒரு பலகை. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி என்று பலகையில் அட்டை தொங்கும். ரெண்டு வாரம் கவனித்தேன். சனிக்கிழமை அடிதடி, மற்ற நாளில் மெஷின் சும்மா கிடக்கிறது. அதிலும் செவ்வாய்க்கிழமை அநியாயம்: மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மாவுக்கு ஒன்பதிலிருந்து பதினொன்று, முதல் மாடி பஸ் டிரைவருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. நடுவில் ஒரு மணி நேரம் ரெண்டு பேர் பேரிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், எந்த மடையன் போட்ட கணக்கோ! சும்மா இருக்க முடியுமா என்னால்? நானே புது அட்டவணை போட்டேன். மோதல் இல்லை, காத்திருப்பு இல்லை, டிரைவரை வியாழக்கிழமைக்குத் தள்ளினேன், வீட்டுக்கு ஒரு கலர் கொடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினேன். மூன்று நாள் யாரும் மூச்சு விடவில்லை. ஆஹா, ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். நம்ம ஊரில் பிடிக்கவில்லை என்றால் நாலு பேர் வாசலில் வந்து நின்று கத்துவார்கள், நாமும் கத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். இங்கே கோபம் வந்தால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். பன்னிரண்டு வீட்டில் பதினொரு தலை நின்றுபோன பிறகுதான் எனக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை, எனக்கு வார விடுமுறை, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன், மணி அடித்தது. திறந்தால் பல் டாக்டரம்மா. எழுபது வயது, நெட்டையான உடம்பு, கையில் ஈரம் காய்ந்த பெட்ஷீட். ரெண்டு மூலையை என் கையில் திணித்தார்.

"பிடிங்க."

"எதுக்குங்க?"

"இதுக்கு நாலு மூலை. எனக்கு ரெண்டு கை."

"இத்தனை நாள் யார் பிடிச்சாங்க?"

"பஸ் டிரைவர். ஒன்பது வருஷமா. அவரைத்தான் வியாழக்கிழமைக்கு அனுப்பிட்டீங்களே."

"ஒரே படிக்கட்டுதானே, நேரா அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாமே?"

சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "கதவைத் தட்டி, பெட்ஷீட் மடிக்க வாங்கன்னு ஒரு ஆம்பளையைக் கூப்பிடச் சொல்றீங்களா? அவர் என்ன நினைப்பார்?"

"என் கதவைத் தட்டினீங்களே?"

"உங்களைப் பத்தி யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க."

மூன்று செவ்வாய்க்கிழமை மடித்தேன் அத்தான். நான் மடிக்கும் பக்கம் எப்போதும் தப்பு. இழுத்துப் பிடிக்கவில்லையாம், அருகில் வரும்போது மூலையை மாற்றவில்லையாம். மூன்றாவது தடவை, "டிரைவருக்குச் சொல்லித் தரவே வேண்டியிருக்கல" என்றார். அன்று சாயங்காலமே கீழே போய்ப் பழைய அட்டைகளைத் தேடி மாட்டினேன். அதற்கடுத்த வாரம், தண்ணீர்க் குழாயைப் பார்க்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ரெண்டு பேரும் பெட்ஷீட்டை உதறுகிறார்கள், கிட்டே வருகிறார்கள், மூலையைக் கொடுத்து வாங்குகிறார்கள், விலகுகிறார்கள். எந்த ரூட்டில் ரோடு தோண்டியிருக்கிறார்கள், எந்தப் பல் பிடுங்கினால் கன்னம் ஒட்டும், இதுதான் பேச்சு. நிற்கவே இல்லை! லிஃப்டில் வாயைத் திறக்காத இந்த ஜனங்கள் எங்கே போய்ப் பேசுகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேனே, ஒரு மணி நேரம் மெஷினைச் சும்மா போட்டுவிட்டு இங்கே பேசுகிறார்கள்! டிரைவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன, மெஷின்ல கோளாறா?"

"இல்ல சார், சும்மா பார்த்தேன்."

"பார்த்தாச்சா?"

மேலே வந்துவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு என் பதில். வர வேண்டாம். இதை யோசித்துத்தான் சொல்கிறேன். குளிர் ஒரு விஷயமே இல்லை, கோட்டு வாங்கிக்கொள்ளலாம். பாப்பா ஆறே மாதத்தில் இவர்கள் பாஷையில் நம்மைத் திட்டுவாள். அக்காவுக்கு எலும்பைப் பார்க்கிற வேலை, எலும்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் நீங்கள்? கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர் பவர் சொல்வதற்கு முன்னால் மகனுக்குப் பெண் அமையாததைச் சொல்லுவார், நீங்கள் ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டே அரை மணி கேட்பீர்கள். நான் கடையில் உட்கார்ந்து "சீக்கிரம் ஆகட்டுமே" என்று பல்லைக் கடித்திருக்கிறேன். இங்கே உங்களை அப்படி ஒருத்தர் தேடி வர ஒன்பது வருஷம் ஆகலாம். எனக்கு எட்டு மாதத்தில் கிடைத்தது மூன்று செவ்வாய்க்கிழமை, அதுவும் தப்பு செய்ததால். எனக்குப் பேச்சு பெரிய தேவை இல்லை, தாங்கினேன். உங்களுக்கு அதுதான் சாப்பாடு. இதுதான் என் பட்டியலில் நாற்பத்து நாலாவது வரி. யோசித்து முடிவு செய்யுங்கள், அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு என் அன்பு, அக்காவுக்கு வணக்கம், கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் என் விசாரிப்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும், அறிவுரை வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைக் கேட்டுக்கொண்டே எதிர்த்துப் பேசும் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அக்கா போன் செய்தாள். "அத்தானுக்கு என்னவோ எழுதிட்டிருக்கியாமே, முடிச்சிட்டியா?" என்றாள். முடித்துவிட்டேன், வர வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் முந்தாநாளே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்டா. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ அதுலயே ஒரு ஓரமா சேர்த்துடேன்" என்றாள். சேர்த்துவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். இந்தப் பத்து நாளும் அக்கா வழக்கத்தைவிட ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டிருப்பாள். ஏன் என்று நீங்கள் குழம்பியிருந்தால், காரணம் இதுதான்.