புதிதாக ஒரு பழைய சுவர்

"முப்பத்தேழாம் பக்கத்துல என் ஷூ மட்டும்தான்யா இருக்கு!" என்று பெரிய மாப்பிள்ளை கத்திய கத்தலில் சைட் ஆபீஸின் தகரக் கூரையே ஒரு முறை அதிர்ந்தது.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். கம்பெனியின் ஆண்டறிக்கை, அச்சுக்குப் போவதற்கு முந்தைய மாதிரி. முப்பத்தேழாம் பக்கத்தில் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி கம்பீரமாக நின்றது. ஓரத்தில் ஒரு கறுப்பு ஷூ.

"தொட்டி நல்லா விழுந்திருக்கு சார்."

"அந்தத் தொட்டி முன்னாடி ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, வெயில்ல நின்னது நானு. அந்தப் போட்டோகிராபர் என்னை வெட்டிட்டு தொட்டியை வெச்சுக்கிட்டான்!"

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அவருடைய வயிற்றைப் பற்றவைத்தது அட்டைப்படம்.

வீடு கட்டி விற்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கும் வேலை, அவருடைய சகலைக்கும் வேலை. மாமனார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று கூப்பிட்டது எப்படியோ கம்பெனிக்குள் கசிந்து, இப்போது எம்.டி.யே அப்படித்தான் கூப்பிடுகிறார். பழைய பஸ் டிப்போ இருந்த இடத்தில் பெரியவர் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார். மூடிப்போன மில் இருந்த இடத்தில் சின்னவர்.

விற்பனையில் டிப்போதான் முதல். மில்லைவிட இரண்டு மடங்கு வீடு விற்றிருந்தது. ஆனால் இந்த வருஷம் எம்.டி. எங்கோ போய் ஒரு மாநாட்டில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். அதிலிருந்து வாயைத் திறந்தால் 'நிலையான நகரப் புத்துயிர்ப்பு'தான். "நகரத்தை இடிச்சுக் கட்டக் கூடாது, தடவிக் கொடுத்துக் கட்டணும்" என்பார். அதற்கென்று தனிப் பிரிவே தொடங்கப் போகிறார். அதற்குத் தலைவர் யார் என்பதை ஆண்டுக் கூட்டத்தில் அறிவிப்பார். அட்டையில் யாருடைய சைட்டோ அவருக்குத்தான் அந்த நாற்காலி என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

அட்டையில் ஒரு பழைய செங்கல் சுவர். மாலை வெயில் அதன்மேல் தேன் போல வழிந்தது. கொடி ஒன்று படர்ந்து, பூத்து, உச்சியில் ஒரு பூனைக்கு மெத்தை போட்டிருந்தது. பின்னால் மங்கலாகக் கம்பெனியின் வழக்கமான வெள்ளைப் பால்கனிகள். கீழே எழுத்து: 'பழையதைக் காத்தோம், புதியதைச் சேர்த்தோம். மில் வளாகம்.'

"மில் வளாகமாம்," என்று பெரிய மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். "இவ்வளவு நாள் இந்தச் சுவரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னானா பாரு. அழுத்தக்காரன்!"

வீட்டுக்குப் போனால் அட்டை அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சி ஸ்டேட்டஸ் வெச்சிருக்கா, பாத்தீங்களா?" மனைவி போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "என்ன ரசனை பாருங்க அவருக்கு. அந்தச் சுவத்துல மனசே தெரியுது."

"சுவத்துல செங்கல்தான் தெரியும்."

"உங்களுக்குச் செங்கல்தான் தெரியும்."

வயிறு எரிந்தாலும் வாழ்த்தாமல் இருக்க முடியுமா? சகலைக்குப் போன் போட்டார்.

"வாழ்த்துகள் மாப்ள. பிரமாதமான சுவர்!"

"ஐயோ, அதுல நான் செஞ்சது ஒண்ணுமே இல்லண்ணா," என்றார் சின்ன மாப்பிள்ளை. "அது எப்படி அட்டையில வந்துச்சுன்னு எனக்கே புரியல."

போனை வைத்த பெரிய மாப்பிள்ளை, "அடக்கத்துக்கும் இவனே பரிசு வாங்கணும்னு பாக்கறான்," என்றார் மின்விசிறியைப் பார்த்து.

மறுநாள் தலைமை அலுவலகத்தில் விளம்பரப் பிரிவு மேடத்தைப் பார்த்தார். ஷூ விஷயமாக மட்டும் பேசத்தான் போனார். மேடம் அட்டையைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் நாக்கு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"இதென்ன மேடம் சுவர்? என் சைட்ல இதுக்குத் தாத்தா மாதிரி ஒரு சுவர் நிக்குது!"

"அப்படியா? யாருமே சொல்லலையே!"

"நான் தம்பட்டம் அடிக்கிற ஆள் இல்ல மேடம்."

அன்று சாயங்காலமே மேடம் போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை எம்.டி. நேர்ல உங்க சைட்டுக்கு வர்றாராம். சுவரைப் பாக்கணுமாம்."

"சுவர்னே சொன்னாரா?"

"சுவர்னேதான் சொன்னாரு."

பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் ஜில்லென்றது, இன்னொரு பக்கம் வியர்த்தது. டிப்போ சைட்டில் சுவர்கள் ஏராளம். எல்லாம் போன வருஷம் கட்டியவை.

"அவசரமா ஒரு பழைய சுவர் கட்டணும்யா," என்றார் மேஸ்திரியிடம்.

மேஸ்திரி காதைத் தேய்த்துக்கொண்டார். "புதுசாவா சார்?"

"பழசா. ஆனா புதுசா. கேட்டுக்குப் பக்கத்துல. எம்.டி. காரைவிட்டு இறங்கினதும் கண்ணுல அறையணும்."

"அதுக்குப் பழைய செங்கல்லு வேணுமே சார். பின்னாடி சந்தோரமா ஒரு சுவரு நிக்குது. வேணும்னா அதையே காட்டிடுங்களேன்."

அது டிப்போ காலத்துச் சுவர். சுண்ணாம்பு உரிந்து, சிமென்ட் மூட்டைகளுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, வாட்ச்மேனின் லுங்கி காயும் கொடியைத் தாங்கிக்கொண்டு நின்றது.

"லுங்கியைப் பாக்கவா எம்.டி. வர்றாரு? அதை இடிச்சு செங்கல்லை முன்னாடி கொண்டா."

"சார், அந்தச் சுவரோட மறுபக்கம் பாத்தீங்கன்னா…"

"மறுபக்கத்தை எவன்யா பாக்கப் போறான்? இடி!"

சுவர் எழுந்தது. மேஸ்திரி நல்ல தொழிலாளி. தூக்குக்குண்டு விட்டு, நூல் பிடித்து, கோடு போட்டதுபோலக் கட்டியிருந்தார்.

"என்னய்யா இது, ஆபீசர் மாதிரி விறைப்பா நிக்குது? பழைய சுவர்னா கொஞ்சம் சாஞ்சு நிக்க வேணாமா?"

"சார், இத்தனை வருஷத்துல நான் ஒரு சுவரைக்கூடச் சாய்ச்சுக் கட்டினதில்ல," என்றார் மேஸ்திரி, யாரோ தன்னைத் திட்டிவிட்டது போன்ற முகத்துடன்.

"எனக்காக ஒண்ணு."

மேல் வரிசைகளைப் பிரித்துச் சாய்த்துக் கட்டினார். பழக்கமில்லாத வேலை அல்லவா, சாய்வு கை மீறிப்போனது. அடுத்த நாள் காலையில் சுவர் தெருவைக் கடக்கப் போகிறவனைப்போல முன்னால் வளைந்து நின்றது. விழாமல் இருக்க முட்டுச் சுவர் ஒன்று கட்டினார்கள். முட்டு கேட் பாதையில் பாதியை விழுங்கியது. கார் நுழையலாம், லாரி நுழைய முடியாது.

"பரவால்ல," என்றார் பெரிய மாப்பிள்ளை. "வெள்ளிக்கிழமை லாரியிலயா எம்.டி. வரப் போறாரு?"

அடுத்த கவலை பாசி. அட்டைச் சுவரில் பாசி இருந்தது, இதில் இல்லை. தயிர் தடவினால் பாசி பிடிக்கும் என்று எங்கோ படித்திருந்தார். வீட்டு ஃபிரிஜ்ஜிலிருந்த தயிர் காணாமல் போனது. அது போதாமல் கடையிலும் வாங்கி, பெயின்ட் பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்தார். பாசி வரவில்லை. பூனைகள் வந்தன. அட்டைப்படத்தில் ஒரு பூனைதான் இருந்தது. இங்கே அந்தப் பேட்டையின் மொத்தப் பூனைக் குலமும் வரிசையில் நின்று சுவரை நக்கியது.

"பூனை விஷயத்துல அவனைத் தாண்டிட்டோம்," என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கொடி ஒன்றுதான் பாக்கி. கொடி வளர மாதக்கணக்காகும். ஆனால் அவர் வீட்டுப் பால்கனியில் மனைவி பிள்ளைபோல வளர்த்த கொடி கைப்பிடி முழுக்கப் படர்ந்து கிடந்தது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தொட்டியோடு பெயர்த்து, டிக்கியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பத்து நிமிஷத்தில் போன். "ஏங்க! யாரோ என் கொடியைத் திருடிட்டுப் போயிட்டாங்க!"

"இந்தக் காலத்துல எதைத்தான் விட்டு வைக்கிறானுங்க," என்றார் அவர், கொடியை ஆணியடித்துச் சுவரில் மாட்டிக்கொண்டே.

"நீங்க கவலைப்படாதீங்க. தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவரு போலீஸ்ல சொல்றேன்னாரு. என்ன அக்கறை பாருங்க!"

சுத்தியல் விரலில் விழுந்தது.

புதன்கிழமை, முன்பதிவு செய்தவர்களில் ஒரு குடும்பம் கட்டில், பீரோ, வாஷிங் மெஷினோடு லாரியில் குடிவர வந்தது. லாரி முட்டில் முட்டி நின்றது. பின்னாலேயே டைல்ஸ் லாரி. அதற்குப் பின்னால் லிஃப்ட் சாமான் லாரி. குடும்பத் தலைவர் பீரோவைத் தெருவில் இறக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "என் அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க," என்றார். அதைக் கேட்டு இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். விற்பனையில் முதல் இடம் என்ற அந்த ஒரே ஆறுதலும் பெரிய மாப்பிள்ளையின் கண்ணெதிரே சின்ன மாப்பிள்ளையின் பக்கம் நடந்து போகத் தொடங்கியது.

"முட்டுக் குடுத்ததை எடு," என்றார்.

"எடுத்தா சுவரு விழும் சார்."

"அப்ப சுவரையும் எடு!"

மேஸ்திரி கடப்பாரையை ஓங்கினார். "நிறுத்துங்க!" என்று ஒரு குரல். முதல் மாடியில் முன்பே குடிவந்து, ஊருக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்த ரிட்டயர்டு டீச்சர், குடையோடு வந்து சுவரின் முன்னால் நின்றாள்.

"நூறு வருஷத்துச் சுவர்னு நேத்து நான் கேட்டப்போ நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தானே நான் எங்க பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்? குதிரை வண்டி பார்த்த செங்கல் சார் இது. தொட்டா நடக்கறதே வேற!"

"டீச்சர், அது வந்து…"

"ஏதாவது சொல்லணுமா?"

சொல்லலாம். 'இந்தச் சுவருக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் பிறந்தநாள்' என்று சொல்லலாம். சொன்னால் அது மேடத்துக்குப் போகும், மேடத்திடமிருந்து எம்.டி.க்கு, எம்.டி.யிடமிருந்து மாமனார் வீட்டுக்கு. ஒவ்வொரு விசேஷத்திலும் சின்ன மாப்பிள்ளை முன்னால் தலைகுனிந்து உட்கார வேண்டும்.

"ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க சொல்றதும் சரிதான்."

சாயங்காலத்துக்குள் 'சுவர் பாதுகாப்புக் குழு' உருவாகிவிட்டது. டீச்சர் தலைவி. நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்கள். பீரோ மேல் உட்கார்ந்திருந்தவர் பொருளாளர்.

வெள்ளிக்கிழமை எம்.டி. வந்தார். கார் தெருவிலேயே நின்றது, முன்னால் லாரிகள். எம்.டி. பூனைகளைத் தாண்டி நடந்து வந்தார். பின்னால் விளம்பர மேடம். அவளுக்கும் பின்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சின்ன மாப்பிள்ளை.

அந்த முகத்தைப் பார்த்ததும் பெரிய மாப்பிள்ளைக்குப் பட்ட பாடெல்லாம் பறந்துபோனது. வெளிறிப்போன முகம். கண்ணை நிமிர்த்திப் பார்க்க முடியவில்லை. 'எரியட்டும், நல்லா எரியட்டும்' என்று நினைத்தார். வயிற்றில் பன்னீர் தெளித்ததுபோல இருந்தது.

"எங்கே அந்தச் சுவர்?" என்றார் எம்.டி.

"இதோ சார்!"

எம்.டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கிட்டே போய் முகர்ந்தார். புளித்த வாடை. விரலால் தொட்டார். சிமென்ட் புத்தம் புதுசு. கொடியைத் தொட, ஆணியோடு கையில் வந்தது. அவர் விளம்பர மேடத்தைப் பார்த்தார். மேடம் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தாள். சின்ன மாப்பிள்ளை, கொடியில் சிக்கி ஆடிக்கொண்டிருந்த துணிக்கிளிப்பைப் பார்த்து, "அண்ணா, இது அண்ணியோட கொடிதானே?" என்றார் மெதுவாக.

"சார், இந்தச் சுவரை நாங்க உயிரைக் குடுத்துக் காப்பாத்தினோம்!" என்றாள் டீச்சர்.

அப்போது போட்டோகிராபர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான். பெரிய மாப்பிள்ளையைத் தொட்டியின் முன்னால் நிறுத்தி ஷூவை மட்டும் எடுத்த அதே ஆள்.

"சார், பின்னாடி சந்தோரமா ஒரு சுவர் இருந்துச்சே, எங்க?"

"அந்த லுங்கிச் சுவரா? குப்பை. இடிச்சுட்டோம்," என்றார் பெரிய மாப்பிள்ளை, இந்த நேரத்தில் இவன் வேறயா என்ற எரிச்சலில்.

போட்டோகிராபர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ சார், அன்னிக்கு உங்க சைட்ல இருந்து கிளம்பறப்போ சந்துல நின்னு நான் எடுத்ததுதானே அந்த அட்டைப்படம், மில்லுன்னு தப்பாப் போட்டுட்டாங்க, சின்ன சார் எங்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, 'அது எங்க அண்ணனோட சுவரு'ன்னு போய்ச் சொல்லித்தான் எம்.டி.யே உங்களுக்கு அந்தப் பதவியைக் குடுக்க வந்திருக்காரு!"