ஒன்பதாம் எண் சட்டையும் இருபத்திரண்டு கையெழுத்தும்

சலவை இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் சோப்பு அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாம் எண் சட்டை பால் போல வெளுத்திருந்தது. அதுதான் பிரச்சினையே.

காலையில் அந்தச் சட்டையில் அணியின் இருபத்திரண்டு பேரும் நீல மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இப்போது ஒரு புள்ளிகூட இல்லை.

சோப்பு அண்ணன் என்பது விளையாட்டுக்காரர்கள் வைத்த பெயர். அந்தக் கால்பந்து அணியின் சட்டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் பத்தொன்பது வருடமாக அவர் பொறுப்பு. எந்தக் கறையின் பாச்சாவும் அவரிடம் பலிக்காது. பயிற்சி முடிந்ததும் கொக்கியில் எது தொங்கினாலும் கை தானாக எடுத்துக் கூடையில் போட்டுவிடும். பயிற்சியாளரின் கல்யாணக் கோட்டு ஒருமுறை அப்படித்தான் சுருங்கிப் போயிற்று.

இன்று மாலை நான்கு மணிக்கு அணி குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அங்கே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒன்பதாம் எண் சட்டை கேட்டிருந்தாள். நாளைக் காலை அவளைக் கண்ணாடி அறைக்குள் வைத்துச் சிகிச்சை தொடங்குகிறார்கள். ஒரு மாதம் வெளியே வர முடியாது. அதற்குள் சட்டை அவள் கைக்குப் போயாக வேண்டும்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"கையெழுத்தையெல்லாம் துவைச்சுத் தொலைச்சிட்டேன்."

"நம்ம வீட்டுல ஒரு கைக்குட்டை துவைச்சிருக்கீங்களா?"

"அதை அப்புறம் பேசலாம். இப்ப என்ன பண்றது?"

"உண்மையச் சொல்லி, மறுபடி கையெழுத்து வாங்குங்க."

அறிவுரையில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு அறையில் கோல்கீப்பரிடம் சட்டையை நீட்டினார்.

"காலையிலதானே போட்டேன், அண்ணே?"

"அது அந்தப் பாப்பாவுக்கு. இது..." நாக்கு முந்திக்கொண்டது. "அதோட தம்பிக்கு."

"டேய், பாப்பாவுக்குத் தம்பி இருக்கானாம்!" என்று கோல்கீப்பர் அறை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"அவனுக்கும் ஒரு பந்து எடுத்து வைங்க," என்றார் கேப்டன். "வயசென்ன அண்ணே?"

"அஞ்சு."

"பூட்ஸ் சைஸ்?"

"அஞ்சு வயசுப் பையன் சைஸ்தான்."

அரை மணி நேரத்தில், பிறக்காத பையனுக்குப் பந்து, பூட்ஸ், தொப்பி எல்லாம் சேர்ந்துவிட்டன. இருபத்திரண்டு பேரும் உற்சாகமாகக் கையெழுத்துப் போட்டார்கள். வினை அங்கேதான் வந்தது. சட்டை இன்னும் சரியாகக் காயவில்லை. மை ஊறிப் பரவி, இருபத்திரண்டு கையெழுத்தும் கலந்து ஒரே நீலக் குட்டையாகிவிட்டது.

வேறு வழி? கொதிக்கிற நீரில் மறுபடி போட்டார், உலர்த்தினார், இஸ்திரி போட்டார். பந்தய உடையை வைப்பது போலவே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டினார். கை அதன் பாட்டுக்கு எல்லாவற்றையும் செய்தது. இப்போது அணியின் நம்பிக்கைப்படி இரண்டு சட்டை, நாற்பத்து நான்கு கையெழுத்து. அண்ணன் கையிலோ ஒரே சட்டை, அதுவும் வெறும் சட்டை.

ஒவ்வொரு வருடமும் அவர் மூட்டை முடிச்சுகளுக்குக் காவலாகப் பேருந்திலேயே இருந்துவிடுவார். இன்று சட்டை அவர் கையில் இருந்ததால் வார்டுக்குள் போகவேண்டியதாயிற்று.

எதிரணியைக் கதிகலங்க வைக்கும் தடுப்பாட்டக்காரர், கட்டிலில் இருந்த ஒரு வாண்டிடம் கோல் வாங்கிவிட்டுத் தரையில் உருண்டு அழுது காட்டினார். முழங்காலில் கட்டோடு வந்த கேப்டன் ஒவ்வொரு கட்டிலருகிலும் மண்டியிட்டுப் பேசினார். சோப்பு அண்ணனுக்கு நெஞ்சு விம்மியது. எத்தனை கோப்பை ஜெயித்தபோதும் இவ்வளவு பெருமை அவருக்கு வந்ததில்லை. இப்பேர்ப்பட்ட பிள்ளைகளிடமா பொய் சொன்னோம் என்று குறுகியும் போனார்.

"அண்ணே, சட்டைங்களை எடுங்க," என்றார் கேப்டன். "தம்பி எங்கே?"

"எந்தத் தம்பி?" என்றாள் நர்ஸ். "அவ வீட்டுக்கு ஒரே பொண்ணு."

மொத்த அணியும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தது.

"தம்பியும் இல்ல, கையெழுத்தும் இல்ல," என்றார் அவர். "தெரியாம துவைச்சிட்டேன். அதை மறைக்கப் பொய் சொன்னேன். புள்ள ஆசையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

நர்ஸ் உறையை வாங்கி, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சுடுதண்ணியிலயா துவைச்சீங்க?"

"கொதிக்கக் கொதிக்க. ரெண்டு தடவை."

"அப்புறம் யாரும் தொட்டாங்களா?"

"இல்லம்மா. இஸ்திரிச் சூடு ஆறுறதுக்குள்ள ஒட்டிட்டேன்."

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நர்ஸ் உறையை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

"தலைய நிமிருங்க அண்ணே! கிருமி ஒட்டிடும்னு, கொதிக்கத் துவைச்சு ஒட்டினதைத் தவிர எதையும் கண்ணாடி அறைக்குள்ள விடமாட்டோம். இவங்க மனசு நோகுமேன்னு சொல்லாம, மூணு வருஷமா வந்த கையெழுத்துச் சட்டையையெல்லாம் அலமாரியில பூட்டி வெச்சிருக்கோம், ஒரு புள்ள உடம்புல ஏறப்போற முதல் சட்டை இதுதான்!"