நான் நடத்திய சீன வகுப்பு

நோர்வேயில் மண்ணிறத் தோலோடு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முழு ஆசியாவுக்கும் பொறுப்பாளர் ஆகிவிடுவார்கள். ஜப்பான், வியட்நாம், மங்கோலியா எல்லாம் அவர்கள் தலையில். புத்தியுள்ளவர்கள் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். நான் தெரியும் என்று சொன்னேன்.

அப்போது ஒஸ்லோவில், குழந்தைகளுக்குக் கம்பளி உள்ளாடை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. நோர்வேயில் குழந்தைகள் பிறக்கும் வேகத்துக்கு எங்கள் உள்ளாடைகள் அதிகம். அதனால் சீனாவில் கடை விரிப்பதென்று முதலாளி தீர்மானித்தார். அவர் பெயர் ஷெல். (யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் ஷெல் குண்டுகளுக்கு நடுவே இருந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் நிலத்தில் படுக்கத் தோன்றும். "ஷெல் வருகிறார்" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு அம்மாவுக்கு ஒருமுறை நெஞ்சு இடித்தது.) மனிதர் தங்கமானவர். சீனா சரிவந்தால் என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்கில்தான் என் உயிர் இருந்தது. நிரந்தர வேலை இல்லாதவளோடு வங்கி வீட்டுக் கடனைப் பற்றிக் கதைக்கவே கதைக்காது. கல்யாணமாகியும் நானும் ரமணனும் ஸ்டோவ்னரில் அம்மாவின் வீட்டில், என் பள்ளிக்கால அறையில்தான் குடியிருந்தோம். கட்டிலும் அதே கட்டில். ரமணனின் கால்கள் இரவெல்லாம் வெளியே நீண்டுகொண்டிருக்கும்.

ஷாங்காயில் குழந்தைகளுக்கான கடைகள் நடத்தும் மேடம் லியூ எங்களைப் பார்க்க வருவது உறுதியானதும், சீனப் பண்பாடு பற்றி ஊழியர்களுக்கு ஒரு சின்ன வகுப்பு எடுக்க முடியுமா என்று ஷெல் கேட்டார். சீனாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் வாங்கிச் சாப்பிட்ட ஃபிரைட் ரைஸ்தான். இணையத்தில் தேடினேன், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்திருந்தார். கடைசியில், ஆசியா என்றால் ஆசியாதானே என்று எங்கள் வீட்டு வழக்கங்களையே சீன வழக்கங்களாகச் சொல்லிக் கொடுத்தேன்.

"உமக்குச் சீனாவைப் பற்றி என்ன தெரியும்?" என்று ரமணன் கேட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பின் உச்சம் 'வேண்டாம்' பற்றிய பகுதி. நோர்வேக்காரர்கள் ஒருவர் வேண்டாம் என்றதும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்களோ, கேட்ட உடனே ஓம் என்றால் காய்ந்துபோய் வந்தவர்கள் என்று நினைப்பார்கள் என்று பயந்து, முதலில் வேண்டாம் என்போம். (சின்ன வயதில் சிநேகிதிகளின் வீடுகளில் இப்படி நான் இழந்த வாஃபிள்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.) ஆகவே, "வேண்டாம் என்றால் விடக்கூடாது. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அதுதான் மரியாதை" என்றேன். ஷெல் கண்கலங்காத குறை. இதுவரை எத்தனை ஆசியர்களைப் பட்டினியாக அனுப்பியிருக்கிறேனோ என்று வருந்தினார்.

மேடம் லியூ வந்தார். காப்பி வேண்டுமா என்று ஷெல் கேட்டார். வேண்டாம் என்றார். ஷெல் எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்துவிட்டு மறுபடி கேட்டார். பிறகு மறுபடியும். அந்த அம்மா குடித்தார். வாஃபிள் வந்தது, அதன்மேல் பழுப்புச் சீஸ் வந்தது, கணக்காளரும் தன் பங்குக்குக் காப்பிக் குடுவையோடு வந்தார். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுவிட்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார் மேடம் லியூ. மத்தியானத்துக்குள் அவர் கையில் பேனா ஆடியது. என் வகுப்பின் வெற்றியைப் பார்த்து நான் பூரித்துப்போயிருந்தேன்.

பிறகு வியாபாரம். சீனா முழுவதற்கும் விற்பனை உரிமையை அவர் எடுக்க வேண்டும் என்பது ஷெல்லின் ஆசை. முடியாது, முதலில் ஷாங்காயில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்றார் மேடம் லியூ. ஷெல் புன்னகையோடு அதையே மறுபடி கேட்டார். முடியாது. ஒப்பந்தத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கேட்டார். வாஃபிள் கொடுத்த அதே கனிவு முகத்தில் வழிந்தது.

மேடம் லியூ கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

வேலை, வீடு, ரமணனின் கால்கள் எல்லாம் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஷெல் பதறி, தான் மரியாதைக் குறைவாக எதையும் செய்யவில்லை என்றும் சீன வழக்கப்படிதான் நடந்ததாகவும் சொல்லிவிட்டு, "எங்கள் ஆசிய நிபுணர்" என்று பெருமையோடு என்னைக் காட்டினார்.

மேடம் லியூ என்னைப் பார்த்தார். "சீனாவில் எந்த ஊரில் இப்படிச் செய்கிறார்கள்?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உண்மை வந்துவிட்டது.

"யாழ்ப்பாணத்தில்" என்றேன்.

அது எந்த மாகாணம் என்று கேட்டார். இலங்கை என்றேன். நான் குனிந்த தலை நிமிராமல் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். மேடம் லியூ மெல்லத் திரும்பவும் உட்கார்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது நோர்வே வழக்கமாக்கும் என்று நினைத்துத்தான் அவ்வளவு காப்பியையும் குடித்தேன். எனக்குக் காப்பியே ஒத்துக்கொள்ளாது" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்களிடமும் இந்த வழக்கம் உண்டு, உறவுக்காரர் வீட்டில். வியாபாரத்தில் நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்."

ஷாங்காய்க்கு மட்டும் ஒப்பந்தம் ஆயிற்று. எங்கள் கம்பளி நோர்வேயின் குளிரில் விற்றதைவிட ஷாங்காயின் ஈரக்குளிரில் நன்றாக விற்றது. இன்று அங்கே எங்களுக்கு ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. எனக்கு நிரந்தர வேலையும், எல்லிங்ஸ்ருட்டில் எங்களுக்கென்று ஒரு வீடும், ரமணனின் நீளத்துக்கு ஒரு கட்டிலும் கிடைத்தன. வகுப்பு எடுக்கச் சொல்லி மட்டும் யாரும் பிறகு கேட்டதில்லை.

வீட்டிலும் அந்த நாள் என்னை விடவில்லை. யாராவது எதையாவது வேண்டாம் என்றால், "வியாபாரமோ, உறவோ?" என்று ரமணன் கேட்பார். அம்மாவுக்குச் சீனி வேண்டாம் என்ற மருத்துவரிடமே ஒருமுறை கேட்டுவிட்டார்.

போன குளிர்காலம் மேடம் லியூ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ரமணன் தன் கேள்வியை அவருக்கும் விளக்கி, அந்த இரண்டு சொற்களையும் தமிழில் சொல்லிக் கொடுத்தார். சமைக்க அம்மா ஸ்டோவ்னரில் இருந்து வந்திருந்தார். தட்டு காலியானதும் அம்மா புட்டோடு நெருங்கி, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டே?" என்றார். மேடம் லியூ தட்டைக் கையால் மூடினார். ரமணன் வழக்கமான கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். மேடம் லியூ புட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார்.

"உறவு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கையை எடுத்தார்.

அம்மா புட்டை வைத்தார்.