ஷார்ஜாவில் இறங்கிய ஹாஜிரா

"இன்னாங்க, நான் எறங்கிட்டேன். ஆனா இது துபாய் இல்லியாம், ஷார்ஜாவாம்!"

கூட வந்த யாரிடமோ போன் வாங்கி மனைவி ஹாஜிரா பேசியதும் அமீருதீன் பதறிப்போனார். பொன்னேரியைத் தாண்டி அவள் தனியாகப் போனதே இல்லை. மகன் அஃப்தாப் அங்கே துபாய் ஏர்போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கிறான்.

பஜாரில் இருந்த தன் கருவாட்டுக் கடையை அப்படியே போட்டுவிட்டு, எதிரே டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னராசுவிடம் ஓடினார்.

"துபாய்க்குக் கேட்டா ஷார்ஜாவுக்குப் போட்டுக் கீறியே, அறிவு கீதா?"

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்க பாய். ரெண்டு ஏர்போர்ட்டும் கிட்டத்தான். இங்கேர்ந்து செங்குன்றம் போற மாதிரி. அரை மணி நேரம்."

அமீருதீன் போன் போட்டு மகனை ஷார்ஜாவுக்கு விரட்டினார். அரை மணி போயிற்று. ஒரு மணியும் போயிற்று.

"வாப்பா, வண்டி நகரவே மாட்டேங்குது. வேலை விட்டு ஊரே இந்த ரோட்லதான் போய்க்கினு கீது."

ஷார்ஜாவில் மகள் ஷிஃபா இருந்தாள். அண்ணன் வேண்டாம் என்று சொன்ன தாஹாவைத்தான் கட்டிக்கொண்டாள். அண்ணன் தங்கைக்குள் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. தங்கைக்குக் குழந்தை பிறந்தும் அவன் எட்டிப் பார்க்கவில்லை. "உம்மா அவ ஊட்டுக்குப் போகக் கூடாது" என்று சொல்லித்தான் விசாவே எடுத்தான்.

வேறு வழியில்லை. மகளுக்கு ரகசியமாக போன் போட்டார். "உம்மாவ ஏத்திக்கினு போய் துபாய்ல உட்டுடும்மா. அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

கொஞ்ச நேரத்தில் அஃப்தாப் அலறினான். "வாப்பா, ஷார்ஜா வந்துட்டேன். உம்மாவக் காணோம்!"

"அது... உன் தங்கச்சி வண்டில துபாய்க்குப் போய்க்கினு கீறா."

"யாரக் கேட்டு?" போன் கட்டாகியது.

உடனே ஷிஃபா. "வாப்பா, உம்மாவுக்குத் தலை சுத்துதாம். 'உன் ஊட்டுக்கே திருப்பு'ன்னாங்க. திருப்பிட்டேன்."

அமீருதீன் சின்னராசு கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். கடலைத் தாண்டி அவ்வளவு தூரம் ஹாஜிரா நாலு மணி நேரத்தில் போய்விட்டாள். இந்த அரை மணி தூரத்தைப் பிள்ளைகள் நாலு வருஷமாகத் தாண்டவில்லை. அவரும் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ தொழுதுவிட்டு இருவரிடமும் தனித்தனியாகப் பேசினாரே தவிர, ஒருத்தர் பேரை இன்னொருத்தரிடம் எடுத்ததில்லை. சண்டை வேண்டாமே என்றுதான் இருந்துவிட்டார்.

மறுபடி மகனைக் கூப்பிட்டார். "உம்மா ஷிஃபா ஊட்ல கீறா. அட்ரஸ் சொல்றேன்..."

அஃப்தாப் முடிக்க விடவில்லை.

"அட்ரஸ் தெரியும் வாப்பா."

அதன்பிறகு இருவருமே போனை எடுக்கவில்லை. இரண்டு டீ ஆறிப்போயின. கடைசியில் அஃப்தாப்பே கூப்பிட்டான்.

"வாப்பா... பாப்பாவுக்கு அப்படியே என் மூக்கு."

பின்னால் ஷிஃபா அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது.

"உம்மாவுக்கு எப்படி கீது?"

"ரெண்டு தட்டு சோறு துன்னுட்டு நல்லாத் தூங்குறாங்க."

அமீருதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னராசுவைத் தட்டிக்கொடுத்தார். "போடா, நீ செஞ்ச தப்பும் நல்லதுக்குத்தான்."

"நான் எங்க பாய் தப்பு செஞ்சேன்? போன வாரம் நீ தொழப் போனப்ப உன் ஊட்டம்மாதான் வந்து, 'ஷார்ஜாவுக்கு மாத்திப் போடு தம்பி, பாய் வந்து கத்துனா தப்பு உன்னுதுன்னு ஒத்துக்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."