கரண்ட் போனால் கைதட்டும் சார்

திருப்பூரில் கரண்ட் போனதும் கைதட்டிய ஒரே மனிதர் எங்கள் கரண்ட்கட் சார்தான். பனியன் கம்பெனி முதலாளிகள் எல்லாம் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் "போயிருச்சுங்க, போயிருச்சு!" என்று மைக்ராஸ்கோப்பை நோக்கி ஓடுவார்.

காரணம் இருந்தது. நான் வேலை பார்த்த துணி ஆராய்ச்சிக்கூடம், ஒரு நிட்டிங் கம்பெனியின் மாடியில் இருந்தது. நூலிழையைப் படமெடுக்க நாங்கள் வாங்கிய மைக்ராஸ்கோப் கேமரா கோவை மருத்துவமனை ஒன்றுக்குத் தேவைப்பட்டது. வெந்துபோனவரின் தோலிலிருந்தே கொஞ்சம் செல்களை எடுத்து வளர்த்து, புண்ணின் மேல் பரப்புவது அவர்கள் சிகிச்சை. பரப்பும் முன் அவை உயிரோடு இருக்கின்றனவா என்று தெரிய வேண்டும். சாயம் ஏற்றினால் தெரிந்துவிடும். ஆனால் சாயம் ஏறிய செல்லை உடம்பில் வைக்க முடியாது. சாயமில்லாமல் படமெடுக்க வழி தேடி இரண்டு இடமும் கூட்டாக ஆராய்ச்சி செய்தோம். அதுவும் சாயத்தால் பிழைக்கும் ஊரில்!

கீழே மெஷின் ஓடினால் கட்டடமே அதிரும், படம் கலங்கும். கரண்ட் போனால் மெஷின் நிற்கும், எங்கள் மைக்ராஸ்கோப் பேட்டரியில் ஓடும். அவர்கள் ஜெனரேட்டரைக் கிளப்பும்வரை கிடைக்கும் அமைதிதான் எங்கள் லேப் நேரம்.

மருத்துவமனையிலிருந்து வந்த சாருக்கு லேபில் ஆகாதவை: தும்மல், ஹைஹீல்ஸ், செல்போன், நான் பேனாவைத் தட்டுவது. செல்களிடம் மட்டும் மகா மரியாதை. மூடியிட்ட தட்டைக் குனிந்து பார்த்து, "வாங்க, சௌக்கியமுங்களா?" என்பார். மருத்துவமனைக் கார் கிடைக்காத நாளில் சோதனைச் செல்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

"பெட்டில என்னங்க?" என்று ஒருமுறை கண்டக்டர் கேட்டாராம்.

"உசுருங்க."

"அப்ப லக்கேஜ் டிக்கெட்டா, ஆள் டிக்கெட்டா?"

"அரை டிக்கெட் குடுங்க. இன்னும் வளந்துட்டுத்தான் இருக்காங்க."

சாயப்பட்டறையில் நீராவி பட்டு முதுகு வெந்த ராணிக்காக வளர்த்த செல்கள் வந்த அன்று அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆபரேஷன். படம் தெளிவாக இல்லையென்றால் அத்தனையையும் கொட்டிவிட்டுப் புதிதாக வளர்க்க வேண்டும். அதுவரை ராணி திறந்த புண்ணோடு குப்புறக் கிடக்க வேண்டும். பார்த்தால் தேர்தல் நேரம். கரண்ட் போகவே இல்லை.

"ஏனுங்க அம்மிணி, இந்த ஊருக்கு இன்னிக்கு என்னங்க வந்துச்சு?" என்று என்னிடம் புலம்பிவிட்டுக் கீழே இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

"நாளைக்கு ஷிப்மெண்டுங்க சார்," என்றார் முதலாளி சுப்பண்ணன். "மெஷினுக்குப் பதிலா என் மூச்சை வேணா நிறுத்தச் சொல்லுங்க."

"உங்க மூச்சு வேண்டாமுங்க, அதுல அதிர்வு இல்லீங்க."

சொன்னவர் சுப்பண்ணனின் கையைப் பிடித்து மாடிக்கே இழுத்து வந்துவிட்டார். திரையில் செல்கள் எல்லாம் தடதடத்தன.

"பூராவும் ஆடுதுங்களே. உசுரு இருக்கறதாலீங்களா?"

"உங்க மெஷினாலீங்க. ஆட்டம் நின்னாத்தான் உசுரு இருக்குதான்னே தெரியும்."

"யாரோட தோலுங்க?"

"சாயப்பட்டறைல வெந்த பொண்ணோடதுங்க. காலைல வெக்கோணும்."

சுப்பண்ணன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: "டேய், மெயினை ஆஃப் பண்ணுங்கடா!"

கட்டடம் அடங்கியது. திரையில் விளிம்புகள் தெளிந்தன. தேனடைபோல் நெருங்கிய செல்கள். நடுவில் ஒன்று மெல்ல உருண்டு, இடுப்பு சுருங்கி, இரண்டாகப் பிரிந்தது. தும்மல் வந்த சுப்பண்ணன் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நல்லா இருக்காங்க," என்று சொல்லி, சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் படமெடுத்துக்கொண்டேன்.

கீழிருந்து சூப்பர்வைசர், "அண்ணா, மெயினைப் போடலாங்களா?" என்றார்.

"பொறுடா! இங்க கொழந்த பொறந்திருக்குது!"

ராணியின் முதுகு ஆறியது. அந்தப் படத்தைக் காட்டியே மருத்துவமனையில் மைக்ராஸ்கோப்புக்குத் தனி அறை ஒதுக்கிக்கொண்டார்கள்; சாரும் கோவைக்கே திரும்பினார். அங்கே அதிர்வே இல்லாததால் தூக்கம் வருகிறது என்று போனில் குறைப்பட்டார்.

தேர்தல் முடிந்து கரண்ட் மறுபடி போன மதியம், கீழிருந்து சுப்பண்ணன் குரல் கொடுத்தார்: "சாரு, போயிருச்சுங்க! ஜெனரேட்டரை மெதுவாப் போடறேன், நிம்மதியாப் பாருங்க!"

மேலே சார் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கைதட்டினேன்.